பிரபஞ்சத்துக்கு நம்மைத் தெரியுமா? மூளைப் படமும் விண்மீன் வலைப் படமும்

இயற்பியல்வாத்தியார் | ஞாயிறு, இரவு 9:10

போன வியாழக்கிழமை பதினொன்றாம் வகுப்பில் ஈர்ப்பு விசைப் பாடம் முடிந்து பத்து நிமிடம் மிச்சமிருந்தது. ஸ்மார்ட் போர்டில் ஒரு படம் போட்டேன். உங்களுக்கும் வாட்ஸப்பில் வந்திருக்கும். இடப்பக்கம் நுண்ணோக்கியில் எடுத்த மூளைத் திசு. வலப்பக்கம் கணினியில் உருவாக்கிய பிரபஞ்ச வலை, அதாவது கேலக்ஸிகள் எனும் விண்மீன் மண்டலங்கள் இழை இழையாகக் கோர்த்து நிற்கும் அமைப்பு. பெயர் எழுதாமல் காட்டினால் எது எது என்று சொல்ல முடியாது. இரண்டிலும் முடிச்சு முடிச்சாக ஒளிப்புள்ளிகள், அவற்றை இணைக்கும் மெல்லிய இழைகள், நடுவே பெரிய பெரிய வெற்றிடங்கள்.

கடைசி வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்து, "சார், அப்போ பிரபஞ்சத்துக்கு நம்மளத் தெரியுமா?" என்று கேட்டாள். அதற்குள் மணி அடித்துவிட்டது. செவ்வாய்க்கிழமை மறுபடி அந்த வகுப்புக்குப் போகிறேன். அதற்குள் அவளுக்கு ஒழுங்கான பதில் ஒன்று வேண்டும்.

அந்தப் படத்துக்குப் பின்னால் உண்மையான ஆய்வு இருக்கிறது. 2020-இல் பொலோனியா பல்கலைக்கழக வானியற்பியலாளர் பிராங்கோ வாசாவும் வெரோனாவின் நரம்பியல் அறுவை மருத்துவர் ஆல்பெர்டோ ஃபெலெட்டியும் சேர்ந்து வெளியிட்டார்கள். மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள். பார்க்க முடிந்த பிரபஞ்சத்தில், அவர்கள் எடுத்துக்கொண்ட கணக்குப்படி, பத்தாயிரம் கோடி அளவில் கேலக்ஸிகள். மூளையில் முக்கால் பங்கை ஒட்டித் தண்ணீர். பிரபஞ்சத்தில் முக்கால் பங்கை ஒட்டி, அதன் விரிவை வேகப்படுத்தும் இருள் ஆற்றல். இரண்டு அமைப்புகளுக்கும் அளவில் உள்ள வித்தியாசம் 1-க்குப் பின்னால் 27 பூஜ்ஜியம். இருந்தும், பொருள் எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்ற ஏற்ற இறக்கத்தை வரைபடமாகப் போட்டால் இரண்டும் ஒரே மாதிரி வருகின்றன.

எனக்கு உள்ளுக்குள் "ஆமாம், தெரியும்" என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் ஆசைக்காக ஒரு பிள்ளையிடம் அப்படிச் சொல்லக்கூடாது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கணினிச்செல்வன் | ஞாயிறு, இரவு 9:31

சார், உருவம் ஒத்துப்போனால் வேலையும் ஒத்துப்போகும் என்பதற்கு என்ன ஆதாரம்? விமானத்திலிருந்து காவிரிக் கழிமுகத்தைப் பாருங்கள், இலை நரம்பு மாதிரியே இருக்கும். அதற்காக ஆறு ஒளிச்சேர்க்கை செய்கிறது என்று சொல்வோமா? நரம்பணு செய்தி அனுப்புகிறது, வாங்குகிறது, வந்த செய்திக்கு ஏற்ப இணைப்பைப் பலப்படுத்துகிறது. பிரபஞ்ச இழையில் நடப்பது பொருள் ஈர்ப்பால் முடிச்சை நோக்கி வழிவது மட்டும்தான்.

இயற்பியல்வாத்தியார் | ஞாயிறு, இரவு 9:48

செல்வன், நியாயமான கேள்வி. ஆனால் அவர்கள் மேகம், மரக்கிளை, நீர்ச்சுழல் படங்களையும் அதே கணக்கில் போட்டுப் பார்த்தார்கள். அவை மூளையோடு இந்த அளவுக்கு ஒத்துவரவில்லை. அதனால் வெறும் கண்மயக்கம் என்று தள்ள முடியாது. அதே சமயம் பிரபஞ்சம் சிந்திக்கிறது என்று அந்த ஆய்வு எங்கும் சொல்லவில்லை. வலை வளரும் விதத்தில் பொதுவான விதி ஏதாவது இருக்கலாம் என்பதோடு நிறுத்திக்கொண்டது. மிச்சத்தை வாட்ஸப் சேர்த்துவிட்டது.

இரவுப்பணி | ஞாயிறு, இரவு 11:52

வணக்கம் சார். நான் ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து டெக்னீஷியன். 14 வருடமாக இதே வேலை. இப்போதுதான் ஒரு கேஸ் முடிந்தது, வெளியே உட்கார்ந்து எழுதுகிறேன்.

அந்த ஆய்வை நானும் ஒருமுறை தேடிப் படித்தேன். அதில் எல்லோரும் தாண்டிப் போகிற ஒரு விஷயம் இருக்கிறது. அந்த ஒற்றுமை நன்றாகத் தெரிந்தது மூளையின் எந்தப் பகுதியில் தெரியுமா? சிறுமூளையில். ஆயிரத்தில் ஒரு மில்லிமீட்டர் முதல் பத்தில் ஒரு மில்லிமீட்டர் வரை சிறுமூளைத் திசு காட்டும் ஏற்ற இறக்கத்தைத்தான், 50 லட்சம் முதல் 50 கோடி ஒளியாண்டு வரை பிரபஞ்ச வலையும் காட்டுகிறது.

சிறுமூளை பின்மண்டையில் இருப்பது. நடை, சமநிலை, கை நடுங்காமல் ஊசியில் நூல் கோர்ப்பது எல்லாம் அதன் பொறுப்பு. சார் சொன்ன 8,600 கோடி நரம்பணுக்களில் சுமார் 6,900 கோடி அங்கேதான் இருக்கின்றன. ஐந்தில் நான்கு பங்கு! ஆனால் அது இல்லாமலே ஒருவர் விழிப்போடு வாழ முடியும். சீனாவில் 24 வயதுப் பெண் ஒருவர் தலைச்சுற்றல் என்று மருத்துவமனைக்கு வந்ததை 2014-இல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். ஸ்கேன் எடுத்தால் சிறுமூளை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் திரவம். பிறவியிலேயே இல்லை. ஏழு வயதில்தான் தனியாக நடந்திருக்கிறார், பேச்சும் தாமதம். ஆனால் அவருக்குத் தன்னைத் தெரியும், உலகத்தைத் தெரியும்.

அதனால் நரம்பணு எண்ணிக்கையையோ வலையின் வடிவத்தையோ பார்த்து "உணர்வு இருக்கு" என்று சொல்ல முடியாது. வடிவம் ஒத்துப்போகும் அந்த இடமே, உணர்வு போகாமல் நீக்கிவிடக்கூடிய இடமாக இருக்கிறது.

இயற்பியல்வாத்தியார் | திங்கள், காலை 5:40

இரவுப்பணி அக்கா, இதைப் படித்துவிட்டு ஒரு டீ போட்டுக் குடித்துவிட்டு மறுபடி வந்து படித்தேன். இத்தனை முறை அந்தப் படத்தைக் காட்டியிருக்கிறேன், எந்த மூளைப் பகுதி என்று ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. நன்றி.

அப்படியானால் உணர்வுக்கு எதுதான் வேண்டும்?

இரவுப்பணி | திங்கள், காலை 7:15

டியூட்டி முடிந்து பஸ்ஸில் இருக்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மயக்கத்துக்குப் போடும் புரோபோஃபால் பால் போல வெள்ளையாக இருக்கும். கையில் ஏறும்போது லேசாக எரியும். பயம் தெரியாமல் இருக்க நாங்கள் பேச்சுக் கொடுப்போம். "எந்த ஊரும்மா?" என்று கேட்பேன். "திருவாரூர் பக்கத்துல..." என்று ஆரம்பிப்பார்கள். ஊர்ப் பெயர் வருவதற்குள் இமை பாதியில் நிற்கும், தாடை தளரும். அவ்வளவுதான், ஆள் இல்லை. நெற்றியில் ஒட்டியிருக்கும் பட்டை மானிட்டரில் விழிப்பின் அளவாக ஓர் எண் காட்டும். விழித்திருக்கும்போது 100-ஐ ஒட்டி இருந்தது 60-க்குக் கீழே இறங்கும். 40-க்கும் 60-க்கும் நடுவில் வைத்திருப்போம்.

அப்போதும் மூளை நின்றுவிடுவதில்லை. ரத்தம் ஓடுகிறது, நரம்பணுக்கள் துடிக்கின்றன, பெரிய பெரிய அலைகள் வருகின்றன. ஒரு பகுதிக்கும் இன்னொரு பகுதிக்கும் இருக்கும் பேச்சுதான் அறுந்துபோகிறது. 2005-இல் மூளை ஆய்வாளர்கள் மாசிமினி, டொனோனி குழுவினர் இதைத் தூக்கத்தில் காட்டினார்கள். தலைக்கு வெளியே காந்தச் சுருளை வைத்து மூளையின் ஓர் இடத்தைத் தட்டினால், விழித்திருப்பவருக்கு அந்த அதிர்வு ஊரெல்லாம் செய்தி பரவுவது போலப் பல பகுதிகளுக்குப் போய்ச் சுற்றி வருகிறது. கனவில்லாத ஆழ்ந்த தூக்கத்தில் தட்டிய இடத்திலேயே எழும்பி அங்கேயே அடங்கிவிடுகிறது. மயக்க மருந்திலும் இதே கதைதான் என்று பிறகு தெரிந்தது.

எனவே என் கேள்வி இது. பிரபஞ்சத்தின் ஒரு மூலையைத் தட்டினால் மறு மூலைக்குத் தெரியுமா?

இயற்பியல்வாத்தியார் | திங்கள், மதியம் 1:05

அக்கா கேட்டதைச் சாப்பாட்டு இடைவேளையில் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

ஒரு முகத்தைப் பார்த்து "இது இன்னார்" என்று உணர நமக்கு விநாடியில் மூன்றில் ஒரு பங்கு போல ஆகிறது. அதற்குள் மூளையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் பத்து முறையாவது செய்தி கடக்க நேரம் இருக்கிறது. சரி, பத்து என்றே வைத்துக்கொள்வோம்.

நம் பால்வழி மண்டலத்தின் குறுக்களவு சுமார் 1 லட்சம் ஒளியாண்டு. ஒளியைவிட வேகமாக எந்தச் செய்தியும் போகாது. பத்து முறை கடக்க 10 லட்சம் ஆண்டு. மனித இனம் தோன்றி சுமார் 3 லட்சம் ஆண்டுதான் ஆகிறது. பிரபஞ்ச வலையில் 10 கோடி ஒளியாண்டு நீளமுள்ள ஓர் இழையை எடுத்துக்கொண்டால், பத்து முறைக்கு 100 கோடி ஆண்டு. பிரபஞ்சத்தின் வயதோ 1,380 கோடி ஆண்டு. அதாவது பெருவெடிப்பிலிருந்து இன்றுவரை அந்த இழைக்கு "இது இன்னார்" என்று உணரும் கணங்கள் பதின்மூன்றுதான் கிடைத்திருக்கும். அதுவும் விரிவடைவதைக் கணக்கில் சேர்க்காமல்.

இவ்வளவு மெதுவான ஒன்றை மனம் என்று எப்படிச் சொல்வது? இந்த இடத்தில் என் ஆசை உடைந்துவிட்டது என்றே தோன்றுகிறது.

நெய்தல் | திங்கள், மாலை 4:22

சார், நான் தத்துவம் எம்.ஏ. இரண்டாம் ஆண்டு. நேற்றிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு இடத்தில் உடன்பட முடியவில்லை.

முதலில், மெதுவாக இருப்பது ஒரு தடையே இல்லை. மெதுவான மனத்துக்கு 100 கோடி ஆண்டு ஒரு கணமாக இருந்துவிட்டுப் போகட்டுமே. வேகமா, மெதுவா என்பது வெளியிலிருந்து நாம் நம் கடிகாரத்தை வைத்து அளப்பது.

இரண்டாவது, நாம் எல்லோரும் உணர்வு என்பது செய்திப் பரிமாற்றம் என்று முடிவு செய்துவிட்டே பேசுகிறோம். பிரபஞ்சத்துக்கு உணர்வு இருக்கலாம் என்று இன்று எழுதும் ஃபிலிப் காஃப் போன்ற தத்துவவாதிகள் இந்தப் படத்தை வைத்து வாதாடுவதில்லை. அவர்கள் தொடங்குவது 1927-இல் தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸலும் 1928-இல் வானியலாளர் ஆர்தர் எடிங்டனும் எழுப்பிய கேள்வியிலிருந்து. எலெக்ட்ரான் என்றால் என்ன? நிறை இவ்வளவு, மின்னூட்டம் இவ்வளவு என்பீர்கள். நிறை என்றால்? விசை கொடுத்தால் எவ்வளவு எதிர்க்கிறது என்பது. மின்னூட்டம் என்றால்? இன்னொன்றை எப்படி ஈர்க்கிறது, தள்ளுகிறது என்பது. எல்லாமே அது என்ன *செய்கிறது* என்பதுதான். செய்கிற அந்தப் பொருள் தன்னளவில் என்ன என்று இயற்பியல் சொல்வதே இல்லை. உலகத்தில் ஒரே ஒரு பொருளை மட்டும் நாம் உள்ளிருந்து அறிகிறோம், அது நம் மூளை. அது உள்ளிருந்து உணர்வாக இருக்கிறது. அப்படியானால் மற்றப் பொருளெல்லாம் உள்ளே வெறுமை என்று எந்த அளவீட்டை வைத்துச் சொல்கிறோம்?

இந்தக் கேள்வி எனக்கு விளையாட்டு இல்லை. இரண்டு வருடமாகத் தூக்கத்தைக் கெடுக்கிற கேள்வி.

இரவுப்பணி | திங்கள், மாலை 6:40

நெய்தல், மெதுவாக இருப்பது தடையில்லை என்று நீ சொன்னது சரி. நான் தினமும் பார்க்கிறேன். நான்கு மணி நேர ஆபரேஷன் முடிந்து, குழாயை எடுத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கண்ணைத் திறந்து கேட்பார்கள்: "எப்பம்மா ஆரம்பிப்பீங்க?" முடிந்துவிட்டது என்றால் நம்பமாட்டார்கள். வயிற்றில் கட்டைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் நம்புவார்கள். தூங்கி எழுந்தவருக்காவது கொஞ்ச நேரம் போன மாதிரி இருக்கும். இவர்களுக்கு அந்த நான்கு மணி நேரம் இருந்ததே இல்லை. கடிகார நேரமும் உள்ளே உணரும் நேரமும் வேறு வேறு.

ஆனால் இணைப்பு வேண்டாம் என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. இரண்டு பாதி மூளையையும் இணைக்கும் பாலத்தில் சுமார் 20 கோடி நரம்பிழைகள். கட்டுப்படாத வலிப்புக்காக ஒரு காலத்தில் அதை வெட்டினார்கள். அந்த நோயாளிகளை ஆராய்ந்ததற்குத்தான் ரோஜர் ஸ்பெரிக்கு 1981-இல் நோபல் கிடைத்தது. இடப்பக்கப் பார்வையில் மட்டும் ஒரு சாவியின் படத்தைக் காட்டினால், "ஒண்ணும் தெரியல" என்று வாய் சொல்லும். அதே ஆளின் இடக்கை பைக்குள் துழாவிச் சாவியை எடுக்கும். பொருள் அதேதான், மண்டை ஒன்றுதான். பாலம் போனதும் ஒருமை போய்விட்டது.

இயற்பியல்வாத்தியார் | திங்கள், இரவு 7:55

மெதுவாக இருப்பது தடை என்று நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நெய்தல் சொன்னது சரி.

ஆனால் அக்கா சொன்ன பாலத்தைப் படித்ததும் வேறொன்று உறைத்தது. பிரபஞ்சம் விரிகிறது, அதுவும் வேகம் கூடிக்கொண்டே விரிகிறது என்று 1998-இல் கண்டுபிடித்தார்கள். இதனால் ஓர் எல்லைக்கோடு உண்டாகிறது. நம்மிடமிருந்து சுமார் 1,650 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இன்று இருக்கும் ஒரு கேலக்ஸி இந்த நிமிடம் அனுப்பும் ஒளி நம்மை வந்து சேரவே சேராது. எத்தனை கோடி ஆண்டு காத்திருந்தாலும் சேராது. நாம் பார்க்க முடிந்த பிரபஞ்சத்தின் ஆரமோ சுமார் 4,650 கோடி ஒளியாண்டு. கன அளவில் பார்த்தால் இன்னும் பேச்சுவார்த்தைக்கு வழி உள்ள பகுதி சுமார் இருபதில் ஒரு பங்குதான். மிச்சத்திலிருந்து நமக்கு வருவதெல்லாம் பழைய ஒளி, பழைய கடிதம்.

எல்லை தாண்டும் கேலக்ஸிகள் ஒவ்வொரு நாளும் கூடுகின்றன. வெகுகாலம் கழித்து, ஈர்ப்பால் கட்டுண்ட நம் பால்வழியும் ஆந்த்ரோமீடாவும் அவற்றைச் சுற்றியுள்ள சின்னக் கூட்டமும் மட்டும் தனியே நிற்கும். அதாவது பிரபஞ்சம் தன் பாலங்களை ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டிருக்கிறது. மூளை வளரும்போது இணைப்புகள் கூடித் தன்னுணர்வு வருகிறது என்றால், பிரபஞ்சம் எதிர்த்திசையில் போகிறது. மெதுவாகப் பேசுபவருக்குக் காத்திருக்கலாம். வந்து சேரவே முடியாத செய்திக்குக் காத்திருக்க முடியாதே.

மெய்ப்பொருள் | திங்கள், இரவு 8:30

பிள்ளைகள் எல்லோருக்கும் வணக்கம். நான் ஓய்வு பெற்றவன், சைவ சித்தாந்த வகுப்பில் பத்து வருடமாகப் பாடம் கேட்கிறேன். "நம் முன்னோர் இதை அன்றே சொல்லிவிட்டார்கள்" என்று யாராவது வந்து எழுதுவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நம் மரபில் இதற்கு ஒரே பதில் கிடையாது.

13-ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டார் வகுத்த சித்தாந்தப்படி உலகம் சடம். மாயையிலிருந்து வந்தது, அறிவில்லாதது, தன்னைத் தானே அறியாது. அறிகிறது உயிர். உயிரும் தனியாக நின்று அறிய முடியாது, அறிவிப்பவன் துணை வேண்டும். இறைவன் உலகத்தோடு ஒன்றாயும் வேறாயும் உடனாயும் நிற்கிறான், ஆனால் உலகமே இறைவன் இல்லை. எனவே அந்தச் சிறுமி எங்கள் வகுப்பில் கேட்டிருந்தால், "பிரபஞ்சத்துக்கு உன்னைத் தெரியாதம்மா, பிரபஞ்சத்தோடு உடனாய் நிற்பவனுக்குத் தெரியும்" என்று சொல்லியிருப்பார்கள். இராமானுசரோ உயிரும் சடமுமான உலகம் முழுவதும் இறைவனுக்கு உடல் என்கிறார். அங்கே பதில் சற்று மாறும். அத்வைதத்தில் முற்றிலும் வேறு.

தொல்காப்பிய மரபியலையும் பாருங்கள். ஓரறிவிலிருந்து ஆறறிவு வரை உயிர்களை அடுக்குகிறது. ஓரறிவு என்றால் தொடுதலால் அறிவது. அது புல்லிலும் மரத்திலும் தொடங்குகிறது. அதற்குக் கீழே கல்லை வைக்கவில்லை. நெய்தல் அம்மா கேட்பது அந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன்: புல்லில் கோடு போட்டது சரியா, அல்லது இன்னும் கீழே போகலாமா?

நெய்தல் | திங்கள், இரவு 9:05

ஐயா, ரொம்ப நன்றி. என் கேள்வியை என்னைவிடத் தெளிவாகச் சொல்லிவிட்டீர்கள்.

என் பக்கத்தில் உள்ள ஓட்டையையும் நானே சொல்லிவிடுகிறேன், மறைத்து வாதாட விருப்பமில்லை. எலெக்ட்ரானுக்குள் துளி உணர்வு இருந்தாலும், துளிகள் சேர்ந்து ஒரு மனமாவது எப்படி? 1890-இலேயே உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் இதைக் கேட்டார். பன்னிரண்டு சொல் உள்ள ஒரு வாக்கியத்தை எடுத்து, பன்னிரண்டு பேரிடம் ஆளுக்கு ஒரு சொல் கொடுங்கள். எவ்வளவு நெருக்கி நிற்க வைத்தாலும், ஒவ்வொருவரும் தன் சொல்லை எவ்வளவு ஆழ்ந்து நினைத்தாலும், முழு வாக்கியம் யாருடைய மனத்திலும் இருக்காது.

இதிலிருந்து தப்பத்தான் சிலர் தலைகீழாகத் தொடங்குகிறார்கள்: பிரபஞ்சம் முழுவதும் முதலில் ஒரே உணர்வு, நாம் அதன் பகுதிகள் என்று. அதில் வேறொரு சிக்கல். ஒரே உணர்வு என்றால் என் பல்வலி ஏன் உங்களுக்குத் தெரியவில்லை? ஒன்று எப்படிப் பலவாகப் பிரிந்தது? இதற்கு எனக்குத் திருப்தியான பதில் இதுவரை கிடைக்கவில்லை. வாத்தியார் சார் சொன்ன எல்லைக்கோடு அந்தச் சிக்கலை இன்னும் கடுமையாக்குகிறது, அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

கணினிச்செல்வன் | திங்கள், இரவு 9:26

இரவுப்பணி அக்கா சொன்ன அதே டொனோனி 2004-இல் ஒரு கோட்பாடு கொண்டுவந்தார். ஓர் அமைப்பின் பகுதிகள் எவ்வளவு பிரிக்க முடியாமல் ஒன்றையொன்று பாதிக்கின்றன என்பதை ஃபை என்ற எண்ணால் அளக்கலாம், அதுதான் உணர்வின் அளவு என்றார். அந்தக் கோட்பாட்டின்படியே பார்த்தாலும், ஒன்றுக்குள் ஒன்றாக உள்ள அமைப்புகளில் ஃபை எங்கே உச்சமோ அதற்கு மட்டும்தான் உணர்வு. உங்கள் மூளைக்குள் ஃபை அதிகம், உங்களையும் என்னையும் சேர்த்த கூட்டத்துக்கு மிகக் குறைவு. அதனால் கூட்டத்துக்கென்று தனி மனம் கிடையாது. கேலக்ஸிக் கூட்டத்துக்கும் அதே தீர்ப்புதான்.

அந்தக் கோட்பாடும் முடிந்த முடிவு இல்லை. 2023-இல் 124 ஆய்வாளர்கள் கையெழுத்திட்டு அதைப் போலி அறிவியல் என்றார்கள். அதே ஆண்டில்தான் மூளை ஆய்வாளர் கிறிஸ்டாஃப் காக் ஒரு பந்தயத்தில் தோற்று, தத்துவவாதி டேவிட் சால்மர்ஸுக்கு ஒயின் கொடுத்தார். 25 ஆண்டுக்குள் மூளையில் உணர்வின் இருப்பிடம் தெளிவாகத் தெரிந்துவிடும் என்று 1998-இல் கட்டிய பந்தயம் அது. ஒன்றரைக் கிலோ மூளையிலேயே இன்னும் தெரியவில்லை, சார். மாணவியிடம் இதையும் சொல்லுங்கள்.

இயற்பியல்வாத்தியார் | திங்கள், இரவு 10:48

எல்லோரும் இவ்வளவு நேரம் ஒதுக்கி எழுதியதற்கு நன்றி. நாளை இரண்டாவது பீரியட்.

அதே படத்தை மறுபடி போடப் போகிறேன். இந்த முறை இடப்பக்கப் படத்துக்குக் கீழே "சிறுமூளை" என்று எழுதிவிடுவேன். சீனப் பெண்ணின் கதையைச் சொல்வேன். அப்புறம் போர்டில் 1,650 கோடி, 4,650 கோடி என்று இரண்டு எண்களை மட்டும் எழுதி, அந்த ஆரமுள்ள இரண்டு கோளங்களின் கன அளவை அவர்களையே கணக்கிடச் சொல்வேன். "இந்தப் படத்தை வைத்துப் பிரபஞ்சத்துக்கு உன்னைத் தெரியும் என்று சொல்ல முடியாதம்மா, முழுப் பிரபஞ்சத்துக்கும் சேர்த்து ஒரே மனம் இருக்கும் என்றும் எனக்குத் தோன்றவில்லை" என்று அவளிடம் சொல்வேன்.

நெய்தல், உன் எலெக்ட்ரான் கேள்விக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. 22 வருடமாக மின்னூட்டம் நடத்துகிறேன், அது என்ன *செய்கிறது* என்பதைத்தான் நடத்தியிருக்கிறேன் என்று இன்றுதான் தெரிந்தது. ஐந்து நிமிடம் மிச்சமிருந்தால் அதையும் அந்த வகுப்பில் கேட்டுவிட்டு வருகிறேன். கடைசி வரிசைப் பிள்ளை என்ன சொல்கிறாள் என்று நாளை இரவு இங்கே எழுதுகிறேன்.